சீனிக் கணக்கில் பொய் எழுதும் பிள்ளைகள்

தோட்டத்துத் தாய்மார்களே, தகப்பன்மார்களே! சீனி வியாதி என்றால் நம் மக்களில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இந்நோய் இருப்பது தெரிய வந்தது. அதில் நம்மவர் பங்கு எப்படி என்பதை எந்த லயத்தில் நுழைந்தாலும் கண்டுகொள்ளலாம். பாட்டிக்கு மாத்திரை, தாத்தாவுக்குக் காலில் கட்டு. ஆனால் இந்த வாரம் நாம் எழுத வந்தது பாட்டி தாத்தாவைப் பற்றி அல்ல. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி. அதிலும், கண்ணிலோ சிறுநீரகத்திலோ கோளாறு தலைகாட்டிவிட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர்களைப் பற்றி.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. உடம்பில் இன்சுலின் சுரக்கும். ஆனால் அது சரியாக வேலை செய்யாது. அதற்கு மாத்திரை உண்டு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. ஏன் அப்படி என்பது மருத்துவ உலகத்துக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல. கட்டிப்பால் கலந்த தேத்தண்ணி குடித்ததால் வந்ததுமல்ல. இன்சுலின் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளை பிழைக்காது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்த ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு இந்நோய் கண்ட பிள்ளைகளை அரைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

நோய் வரும்போது அடையாளம் காட்டித்தான் வரும். பிள்ளை அடிக்கடி ஒன்றுக்குப் போகும், நின்றுபோன வயதில் மறுபடியும் படுக்கையை நனைக்கும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், உடம்பு கரையும். அதையும் விட்டுவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து விடும் ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை. 'காற்றுப் பட்டிருக்கு' என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மந்திரிப்பவரைக் குறை சொல்வது நம் வேலையல்ல. ஆனால் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துபோகும் விஷயம் இது. முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். பெயரும் தோட்டமும் எழுத வேண்டாம் என்று தாயார் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது பின்னால் விளங்கும். தகப்பனார் செம்பனையில் குலை வெட்டுகிறார். தாயார் உதிரிப்பழம் பொறுக்குகிறார். மூத்த பெண்ணுக்கு இப்போது 16 வயது. எட்டு வயதில் இந்நோய் கண்டது. மயங்கிய நிலையில் கொண்டுபோய் நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்களாம்.

“அப்ப எல்லாம் நான்தாங்க ஊசி போடுவேன். காலையில, மத்தியானம், ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி ஒண்ணு ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. நாளைக்கு நாலு. அழுதுகிட்டே போட்டிருக்கேன், அவ அழமாட்டா” என்றார் தாயார்.

ஐந்தாறு வருடம் பரவாயில்லாமல் போயிற்று. பெண் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் 'நானே போட்டுக்கிறேம்மா' என்றாள். பெற்றோருக்கும் ஆறுதல். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அல்லவா? ஒரு சின்னப் புத்தகத்தில் இரத்தச் சீனி அளவைத் தேதி போட்டு எழுதி வைப்பாள். 6, 7, 6.5 என்று அழகாக இருக்கும். மாலையில் தகப்பனார் புத்தகத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார்.

படிவம் 3-இல் ஒரு நாள் கோயிலில் தீபாராதனை. பெண் கைகூப்பி நிற்கிறாள். தாயார் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு கையும் ஒட்டலைங்க. விரலுக்கும் விரலுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. ஒழுங்காக் கும்பிடுடின்னேன். 'இவ்வளவுதாம்மா வருது'ங்கறா.”

இந்தக் குறிக்கு மருத்துவர்கள் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே 'பிரார்த்தனை அடையாளம்' என்பதுதான். நெடுநாள் சீனி ஏறிக் கிடந்தால் விரல் மூட்டைச் சுற்றிய தோல் தடித்து இறுகிவிடுகிறது. வலி இருக்காது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கை இப்படி ஆன பிள்ளைக்குக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. கண்ணின் பின்திரையில் ஊசிமுனை அளவு இரத்தக் கசிவுகள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் 12.4 சதவீதம். பொதுவாக 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது அது.

புத்தகத்தில் எழுதியது அத்தனையும் பொய்.

தகப்பனாருக்கு இதைப் புரிய வைக்க நாம் பால்வெட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இன்று செம்பனையாக நிற்கும் அந்தத் தோட்டம் முன்பு கித்தா தோட்டம். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது வாளியில் எவ்வளவு தண்ணீர் கலந்திருந்தாலும் மெட்ரோலாக்கைப் போட்டதும் உண்மை தெரிந்துவிடும் என்பதைச் சொல்லவே வேண்டாம், அவரே சிரித்துவிட்டார். அதுபோலத்தான் இதுவும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாள் முழுதும் இரத்தத்தில் ஓடிய சீனி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது எவ்வளவு என்று அளந்துவிடுகிறார்கள். ஒரு நாள் விரதம் இருந்து ஏமாற்ற முடியாது.

பொய் வெளிப்பட்ட அன்று வீட்டில் நடந்ததைத் தாயார் மறைக்காமல் சொன்னார். தகப்பனார் பெல்ட்டை எடுத்தாராம். பாட்டி, 'உங்க வம்சத்து வியாதி' என்றாராம். 'உங்க மகன் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம்' என்று மருமகள் திருப்பிக் கொடுத்தாராம். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட்டுப் போனாராம். இத்தனை பேரும் பேசி முடிக்கும் வரை அந்தப் பெண்ணை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் ஊசி போடாமல் விட்டாய் என்று.

அதைக் கேட்டது மருத்துவமனையில் இருந்த மிஸ்ஸி ஒருவர்தான். மலாய்க்கார அம்மாள். கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டாராம். பெண் சொன்னது இது.

தாயார் ஐந்தேகாலுக்குப் புறப்பட வேண்டும். அதனால் தாயார் கண்முன்னே ஐந்து மணிக்கே ஊசி. பள்ளிப் பேருந்து ஆறேகாலுக்கு. அந்த நேரத்தில் யாருக்குப் பசிக்கும்? பசியாறாமலே போய்விடுவாள். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் சாப்பாட்டுக்காகப் போடுவது. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி கிடுகிடுவென்று இறங்கும். ஒரு நாள் வகுப்பில் கை நடுங்கி, வேர்த்து, மேசைமேல் சாய்ந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று ஆசிரியர் எழுப்பி நிற்க வைத்தார். நின்ற இடத்திலேயே விழுந்து பாவாடையை நனைத்துக்கொண்டாள். பையன்களும் இருந்த வகுப்பு. மறுநாள் முதல் காலை ஊசியை, தாயார் முகம் திரும்பியதும், சிங்க்கில் பீய்ச்சிவிட்டாள். பிறகு மத்தியான ஊசியும் போயிற்று; பள்ளிக் கழிப்பறையில் போட வேண்டியிருக்கிறது, பார்த்தவர்கள் கஞ்சா ஊசியா என்று கேலி செய்கிறார்கள். இன்னொன்றும் மெதுவாகச் சொன்னாளாம்: ஊசி போட்டால் உடம்பு பூசுகிறது, போடாவிட்டால் மெலிந்து அழகாக இருக்கிறது. வயதுப் பெண்கள் சிலர் இதற்காகவே இன்சுலினைக் குறைத்துக்கொள்வது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

சரி, பொய் ஏன் எழுதினாள்? “12-ன்னு எழுதுனா அப்பா 'என்னாத்தத் தின்ன?'ன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் தின்னிருக்க மாட்டேன். 7-ன்னு எழுதுனா ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

தோட்டத்துப் பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை நாம் பரீட்சை ரிப்போர்ட் கார்டாக ஆக்கிவிட்டோம். 12 என்றால் பெயில், 6 என்றால் பாஸ். சீனி ஏறுவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல. காய்ச்சல் வந்தால் ஏறும், பயந்தால் ஏறும், மாதவிலக்குக்கு முன் ஏறும். பருவம் அடையும் வயதில் உடம்பு இன்சுலினுக்கு அடங்காது; அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும். பத்து வயதில் போட்ட அளவையே பதினாலு வயதிலும் போட்டுக்கொண்டு, பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்கிறது என்று அடித்தால் எப்படி? உண்மையான 14 டாக்டர் கைக்குப் போனால் அவர் அளவை மாற்றுவார். பொய்யான 6 போனால் மாற்றமாட்டார்.

இனிக் கோளாறு கண்டுவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். 'கண்ணு போச்சு, கிட்னி போச்சு' என்று லயத்தில் அழுகிற அழுகை இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் அவசரப்பட்ட அழுகை. சிறுநீரில் லேசாகப் புரதம் இறங்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால் அது குறையவும் செய்யும், பல பிள்ளைகளுக்கு மறையவும் செய்யும். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுகட்டவும் கூடாது. காய்ச்சல், மாதவிலக்கு, முதல் நாள் ஓடி விளையாடியது இவையெல்லாம் புரதத்தை ஏற்றிக் காட்டும். ஆகவே மறுபடியும் எடுப்பார்கள். தொடர்ந்து இருந்தால் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அது இரத்த அழுத்த மாத்திரையாக இருக்கும். 'என் பிள்ளைக்குப் பிரஷர் இல்லையே, ஏன் கொடுக்கிறார்கள்' என்று நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணில் தொடக்கக் கட்டத்தில் பார்வை மங்காது, வலிக்காது. அதனால்தான் 'நல்லாத்தானே தெரியுது' என்று சொல்லிப் போகாமல் விடுகிறார்கள். சொட்டு மருந்து விட்டுப் பின்திரையைப் பார்க்க வேண்டும் அல்லது படம் எடுக்க வேண்டும். முற்றினால் லேசர் ஒளி சிகிச்சை இருக்கிறது. ஆனால் அது மிச்சப் பார்வையைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. நோய் கண்டு சில வருடம் ஆன பிள்ளைக்கு 11 வயதுவாக்கில் தொடங்கிக் கண்ணையும் சிறுநீரையும் ஒழுங்காகப் பார்த்து வரவேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த முறை. கிளினிக்கில் மறந்துவிட்டால் நாமே கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி கட்டினாலும் அது நம் உரிமை. பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் புத்ராஜெயா மருத்துவமனை போன்ற இடங்களில் பிள்ளைகளின் சுரப்பி நோய்களுக்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள்.

சீனியைக் கட்டுக்குள் வைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பதில் சொல்லிவிட்டது. முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஒரு பாதிப் பேர் அன்றைய வழக்கப்படி, மறுபாதிப் பேர் நாளைக்கு மூன்று நாலு ஊசியும் அடிக்கடி சோதனையுமாக. கட்டுப்பாடாக இருந்தவர்களில் புதிதாகக் கண் கோளாறு வருவது 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம், நரம்புக் கோளாறுகளும் பாதி அளவுக்குக் குறைந்தன. பிற்காலத்தில் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்குக்கூட ஆரம்பத்தில் கட்டுப்பாடாக இருந்த பலன் பல வருடம் தொடர்ந்தது.

நாம் சொன்ன பெண்ணின் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? காலை ஊசி ஐந்து மணிக்கு இல்லை. பள்ளியில் பேசி, பெண் ஏழேகாலுக்கு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சோதித்து, ஊசி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன இடியப்பத்தையோ ரொட்டியையோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். இதற்குத் தேவைப்பட்டது மருத்துவரின் ஒரு கடிதமும் தாயார் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் தலைமையாசிரியரைப் பார்த்ததும்தான். ராத்திரி ஊசியைத் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். 'பெரிய பிள்ளை, அவளே பார்த்துக்குவா' என்று விடும் வயது பதினாலு அல்ல என்பதை மிஸ்ஸி அடித்துச் சொல்லிவிட்டார். ஊசி போடுவது பிள்ளையாக இருக்கலாம். கூட இருப்பது பெற்றோராக இருக்க வேண்டும். தகப்பனாரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். 'என்னாத்தத் தின்ன?' போய் 'எவ்வளவு காட்டுதும்மா?' வந்திருக்கிறது. புத்தகத்தில் 15, 17 எல்லாம் இருக்கிறது. நாமே பார்த்தோம். எட்டு மாதத்தில் 12.4 என்பது 8.6 ஆகியிருக்கிறது. சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது, போகவில்லை. கண்ணை நாலு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். சீனியை வேகமாக இறக்கும் காலத்தில் கண் கொஞ்சம் மோசமாவதும் உண்டாம், அதனால் விடாமல் பார்க்கிறார்கள்.

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. இன்சுலின் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. சோதனைப் பட்டைகள் போதிய அளவு கிடைப்பதில்லை, மாதாமாதம் கடையில் வாங்குகிறோம் என்கிறார் தாயார். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் கருவி வந்திருக்கிறது, விரலைக் குத்தவே வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பிறகும் தோட்டக் குடும்பத்துக்கு அது எட்டாத விலை. இதற்குத் தொழிற்சங்கமும் நம் சமூக அமைப்புகளும் குரல் கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து.

பெயர் எழுத வேண்டாம் என்று தாயார் சொன்னதற்கு வருவோம். “பொட்டப்பிள்ளைங்க. நாளைக்கு யாராவது பொண்ணு கேட்டு வந்தா?” சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் குளியலறையில் ஒளிந்து ஊசி. சாப்பாடு தாமதமானால் வாய்திறக்காமல் நடுக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தாயாரின் பயம் நமக்குப் புரிகிறது. நம் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சீனியை ஒழுங்காக வைத்திருக்கும் பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், டாக்டரோடு திட்டமிட்டுப் பிள்ளையும் பெறலாம். ஒளித்து வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டால் அதை எந்த மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மறைப்பது? மெதுவாக இதைச் சொன்னோம். தாயார் பதில் சொல்லவில்லை. பெண்தான், உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், “சொல்லிடலாம்மா” என்றாள்.

இதேபோல் வீட்டில் பிள்ளை உள்ளவர்களுக்குச் சில விஷயங்கள். பாகற்காய்ச் சாறு, கசப்பு மருந்து என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், இன்சுலினை மட்டும் நிறுத்தாதீர்கள். முதல் வகைப் பிள்ளைக்கு ஒரு நாள் இரண்டு நாள் நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலின் அடியோடு நிற்கக் கூடாது. எவ்வளவு என்று போன் போட்டுக் கேளுங்கள். தைப்பூச விரதம், தீமிதி நோன்பு என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஊசி போட்டால் அங்கே சதை கட்டி மருந்து ஒழுங்காக ஏறாது, இடம் மாற்றிப் போடுங்கள். திறக்காத மருந்து குளிர்பெட்டியில் இருக்கட்டும், ஐஸ் வைக்கும் தட்டில் அல்ல, உறைந்தால் கெட்டது. திறந்தது தகரக் கூரைச் சூட்டில் கிடக்கக் கூடாது. நாலு வாரத்துக்குமேல் வைக்கவும் கூடாது. பிள்ளை வயதில் காலில் ஆறாத புண் அபூர்வம்தான், இருந்தாலும் செம்பனை முள் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு விடாதீர்கள்.

சீனி இறங்கினால், அதாவது 4-க்குக் கீழே போனாலோ, சோதிக்க வழியில்லாமல் பிள்ளை வேர்த்து நடுங்கினாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது தோட்டத்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும், பிள்ளையின் கூட்டாளி ஒருத்திக்கும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.